நிழலில்லாத முற்றத்தில் ஆண்டுக்கணக்காக நின்று பூக்கும் செடிகள் எவை?

கேள்வி: வட்டக்கச்சி வளவு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வளவு கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் இருக்கின்றது. வீடு கட்டிய காலத்தில், மாரி வெள்ளம் படியேறக் கூடாதென்று முன்முற்றத்தைக் கிறவல் கொட்டி உயர்த்தினோம். பின்வளவில் மாவும் தென்னையும் நிற்கின்றன. முன்னால் வேலிக் கிளுவையைத் தவிர நிழலென்று சொல்ல ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கு விழத் தொடங்கும் வெயில் பொழுதுபடும்வரை முற்றத்தைவிட்டு அகலாது.

இந்த இடத்தில் ஒரு பூந்தோட்டம் அமைக்க விரும்புகிறேன். ஆண்டுதோறும் விதை போட்டு நாற்று நடவேண்டிய வாடாமல்லி போன்றவை எனக்கு வேண்டாம். ஒருமுறை வேர்பிடித்தால் பல ஆண்டுகள் நின்று பூப்பவற்றையே தேடுகிறேன். எங்கள் மாமி விடியற்காலையில் சாமியறைக்குப் பூக்கொய்பவர். தை, மாசி மாதங்களில் அவருக்குக் குறையில்லை. ஆனால், வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகின்ற வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை, கோயில்களில் திருவிழா நடக்கும் அந்த மாதங்களில்தான் வளவில் ஒரு பூவும் கிடைப்பதில்லை. கோடையில் பூக்கும் செடி சிலவேனும் இருக்க வேண்டும் என்பது என் முதல் விருப்பம்.

ஆவணி மாதத்தில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது குடிப்பதற்கும் சமையலுக்கும் போக மீதமுள்ள நீரைக் காய்கறிப் பாத்திக்கே ஊற்ற முடிகின்றது. படலை சற்றுத் திறந்திருந்தாலும் கட்டாக்காலி மாடுகள் உள்ளே வந்து கண்டதைக் கடிக்கும். வீட்டில் பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் இருக்கிறாள். மலைநாட்டிலிருந்து லொறியில் ஏற்றிவந்து ஏ9 வீதியோரம் விற்கும் ரோசாவையும் ஜேர்பராவையும் காணும்போது மனம் இழுக்கின்றது. அவை இந்த வெயிலைத் தாங்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: ஓமந்தை நாற்றுமேடை

வணக்கம் தங்கச்சி. ஓமந்தைப் பக்கத்தில் பூங்கன்றும் பழக்கன்றும் வளர்த்து விற்பவன் நான். கன்று வாங்க வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப்போல் வெயிலைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். வன்னியில் செடியைக் கொல்வது வெயில் மட்டுமன்று. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகின்றது. அந்த நாட்களில் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும். பிறகு மே தொடங்கிச் செப்டெம்பர்வரை சோளகக் காற்று வீசி, மண்ணில் இருக்கும் ஈரத்தையும் இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நாம் தேடும் செடி இவ்விரண்டையும் ஒரே உடம்பில் தாங்க வேண்டும். கோடையில் அசையாமல் நிற்கின்ற அடீனியத்தை மாரியில் மழைக்குள் விட்டால் அதன் பருத்த அடித்தண்டு அழுகிப்போகும். மாரியில் செழித்து நிற்கின்ற கல்வாழை ஆடியில் விளிம்பு கருகித் துவளும். ஆகவே, வெயில் தாங்குமா என்ற கேள்வியோடு, தண்ணீர் தேங்கினால் தாங்குமா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுத்தான் கன்று வாங்க வேண்டும்.

லொறியில் வரும் மலைநாட்டு ரோசா, ஜேர்பரா, ஹைட்ரேஞ்சியா ஆகியவற்றை நிலத்தில் நடுவதற்காக வாங்காதீர்கள். குளிர்ந்த இரவுகளில் வளர்ந்தவை அவை. இங்கே கோடையில் இரவிலும் வெக்கை தணிவதில்லை. தாழ்வாரத்தில் சாடியில் வைத்துச் சில கிழமை அழகு பார்க்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் முற்றத்துக்கு நான் முதலில் சொல்வது பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்று நூல்கள் சொல்வதும் இதையே. மடகஸ்காரிலிருந்து உலகமெங்கும் பரவிய செடி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இதன் இலையிலிருந்தே எடுக்கப்பட்டன. கைப்பாக இருப்பதால் மாடும் ஆடும் வாய் வைப்பதில்லை. கிறவல் கலந்த மண்ணிலும் வரும், ஆடி மாதத்திலும் பூக்கும். ஒரு செடி சில ஆண்டுகளில் முற்றி விறகுபோல் ஆகிவிடும் என்றாலும், தானே விதை உதிர்த்துப் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருப்பதால் இடம் வெறுமையாவதில்லை. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள். அடித்தண்டு கறுத்து ஒரே நாளில் சரியும்.

வெள்ளைப் பூவுக்கு நந்தியாவட்டை. மாரிக்கும் கோடைக்கும் ஒருசேர ஈடுகொடுப்பதில் இதற்கு நிகராக எங்கள் நாற்றுமேடையில் வேறொன்றில்லை. பால் உள்ள செடியாதலால் மாடு தொடாது. ஒற்றையடுக்குப் பூவும் உண்டு, அடுக்குப் பூவும் உண்டு. பூசைக்கு எதுவானாலும் நல்லது. கடும் வரட்சியில் இலை சுருண்டு தொங்கினாலும் ஒரு வாளி தண்ணீரில் நிமிர்ந்துவிடும்.

படலையின் மேலே வளைத்துவிடப் போகன்வில்லா ஒன்று வையுங்கள். பிரேசில் பக்கத்துச் செடி என்றாலும் நமது கோடைக்கென்றே பிறந்ததுபோல் நடந்துகொள்ளும். நாம் பூவென்று பார்க்கின்ற சிவப்பும் ஊதாவும் பூவடியிலைகள்; உண்மையான பூ அவற்றின் நடுவே வெள்ளையாகச் சிறிதாக இருக்கும். தண்ணீர் குறையும்போதுதான் இது நன்றாகப் பூக்கின்றது. மாட்டெருவும் யூரியாவும் போட்டு நாள்தோறும் தண்ணீரும் ஊற்றினால் பச்சை இலையும் முள்ளுந்தான் மிஞ்சும். புதுத் தளிரில் பூப்பது ஆதலால் ஒவ்வொரு பூப்பும் ஓய்ந்தவுடன் நுனியை வெட்டிவிட வேண்டும். நடும்போது ஒரு எச்சரிக்கை: இதன் வேர்க்கட்டி எளிதில் உடையும், உடைந்தால் செடி மாதக்கணக்கில் முடங்கிவிடும். பையைக் கழற்றி இழுக்காமல், குழிக்குள் இறக்கிய பிறகு பக்கவாட்டில் கிழித்து எடுங்கள்.

இனிக் கிறவல். உங்கள் உண்மையான சிக்கல் அதுதான் என்று நினைக்கிறேன். மட்டப்படுத்தி இறுக்கிய கிறவல் படையை மண்வெட்டி வெட்டாது. அலவாங்கு போட்டு உடைக்க வேண்டும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் தோண்டி, படையைக் கடந்து அடியிலுள்ள செங்கபில மண் தெரிகின்றதா என்று பாருங்கள். அந்த மண் காயும்போது கல்லாக இறுகி, நனையும்போது காலில் ஒட்டிக்கொள்ளும். கிறவலுக்குள் மட்டும் குழி எடுத்து நல்ல மண் நிரப்பினால் மாரியில் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும், செடி அதற்குள் மூழ்கி நிற்கும். அடிமண்வரை உடைத்து, மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவும் அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரியும் கலந்து நிரப்பி, முற்றத்து மட்டத்திலிருந்து ஓரடியாவது மேடாக்கி அதன் உச்சியில் கன்றை வையுங்கள்.


மறுமொழி: முல்லைக்கரை ஆசிரியை

ஓமந்தைத் தம்பி சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடு. ஆனால், சாமியறைக்கு நாள்தோறும் பூ வேண்டுமென்று கேட்டவருக்குச் செவ்வரத்தையைச் சொல்லாமல் விட்டது ஏனென்று விளங்கவில்லை. அம்மனுக்கு அதைவிட உகந்த பூ எது?

கடைகளில் இப்போது பெரிய இதழோடு மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் ஒட்டுச் செவ்வரத்தைகள் விற்கிறார்கள். பார்க்க அழகானவை, ஆனால் ஒரு கோடையைக் கடப்பதற்குள் நுனி காய்ந்து மெலிந்துவிடுகின்றன. எங்கள் அம்மம்மாமார் வேலியோரம் வைத்த ஒற்றையடுக்குச் சிவப்புச் செவ்வரத்தையைத் தேடி வாங்குங்கள், அல்லது அயலிலே நிற்பதில் பென்சில் தடிப்புள்ள தண்டுத்துண்டம் ஒன்றைக் கேட்டு எடுங்கள். அது தன் சொந்த வேரில் நிற்பது, ஆழம் போவது. நாங்கள் இருப்பது கடலோர மணல். உப்புக் காற்றும் உண்டு. இங்கே கிணற்றடியில் நிற்கின்ற அந்த மரம் கோடையிலும் பூக்கின்றது. கிணற்றடி என்பதைக் கவனியுங்கள்: குளிக்கின்ற தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் அதனை வைத்தால் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மாடும் ஆடும் இதன் இலையை விரும்பித் தின்னும், குரங்கு வந்தால் பூவையும் மொட்டையும் பறித்துத் தின்னும். ஆதலால் முன்முற்றத்தைவிட வீட்டோடு ஒட்டிய இடமே இதற்குப் பாதுகாப்பு. பூ ஒரு நாளோடு வாடிவிடுவது. மாமி விடியலில் கொய்வதுதான் சரி.

இலையடியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்குவதே முதல் அறிகுறி. அந்த நுனியை ஒடித்து எரித்துவிட்டு, மீதியைச் சவர்க்காரத் தண்ணீரால் அடித்துக் கழுவினால் போதும். மருந்து அடிக்காதீர்கள், சாமிக்குப் போகின்ற பூ அது, பிள்ளை தொடுகின்ற பூவும் அது.

அலரியைப் பற்றி யாரேனும் சொல்வார்கள் என்று தெரியும், அதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். வரட்சி, உப்பு, காற்று எல்லாவற்றையும் தாங்கி, வைகாசி ஆனி மாதங்களிலே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சிவனுக்கு உகந்த பூவுமாகும். ஆனால் வேர், பட்டை, இலை, பூ அத்தனையும் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எரித்தால் வரும் புகையும் தீங்கானது. மஞ்சள் அலரியின் காய் இன்னும் கொடியது. அதனைப் பிள்ளை இருக்கும் வீட்டில் எக்காரணங்கொண்டும் வைக்க வேண்டாம். பச்சை இலையின் கைப்புக்காக மாடு அலரியைத் தவிர்த்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிப் போட்டு வாடிய இலை புல்லோடு கலந்துவிட்டால் அதனைத் தின்றுவிடும், வாடிய பிறகும் நஞ்சு குறைவதில்லை. வெட்டிய கொப்புகளை வேலிக்கு வெளியே எறிகின்ற பழக்கம் நம்மிடம் உண்டு. அயலவரின் பசு செத்தால் யார் பொறுப்பு? உங்கள் பிள்ளை வளர்ந்து, இதைத் தொடக்கூடாது என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும் வயது வரும்வரை அலரி வேண்டாம் என்பதே என் கருத்து.


மறுமொழி: ஓமந்தை நாற்றுமேடை

ரீச்சர் சொன்னது முழுக்கச் சரி. அலரியை நானும் பிள்ளை இருக்கின்ற வீட்டுக்கு விற்பதில்லை, அதனால்தான் எழுதவில்லை. செவ்வரத்தையை விட்டதற்குக் காரணம் கிணற்று நீர் குறைவென்று தங்கச்சி எழுதியிருந்ததுதான். கிணற்றடியில் வைப்பதென்றால் எனக்கு மறுப்பில்லை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். நந்தியாவட்டையின் பாலும் பட்டிப்பூவின் இலையும் வயிற்றுக்குள் போகக்கூடியவையல்ல. அலரியளவு அச்சமில்லையென்றாலும், பூவை வாயில் வைக்கக்கூடாதென்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.


மறுமொழி: முருங்கன் கருமண்

மன்னார்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மண் உங்கள் மண் அல்ல. முருங்கனின் கரிய களிமண் கோடையில் கை நுழையுமளவுக்கு வெடித்துப் பிளக்கும், மாரியில் குழம்பாகிச் சைக்கிள் சில்லை இறுக்கிப் பிடிக்கும். வெடிப்பு விழும்போது நுண்வேர்கள் அறுந்துபோகின்றன. இப்படிப்பட்ட நிலத்திலும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்கின்ற செடி ஒன்றை நான் நாள்தோறும் காண்கிறேன். அது ஆவரசு.

வீதியோரப் பற்றை என்று எல்லோரும் கடந்து போகிறார்கள். சிங்களத்தில் ரணவரா என்பார்கள். பூவைக் காயவைத்து அவித்துக் குடிக்கும் வழக்கம் இரு மக்களிடமும் உண்டு. நமது உலர் வலயத்துக்கே உரிய செடி. முற்றத்தின் வேலியோரம் மூன்று நான்கு ஆவரசை வரிசையாக வைத்து, ஆளுயரத்துக்கு மேல் போகாமல் ஆண்டுக்கொரு முறை வெட்டி வந்தால், விலை கொடுத்து வாங்கும் எந்தச் செடியும் தராத மஞ்சளை அது தரும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இதன் தளிரில் முட்டையிடும். புழு கொஞ்சம் இலையைத் தின்னும், தின்னட்டும்.

அடீனியத்தைப் பற்றி முன்னவர் எழுதியது உண்மை. சாடியில் வைத்து, ஐப்பசி கார்த்திகையில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டால் அதுவும் பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் அது காட்டும் இளஞ்சிவப்பை வேறெதிலும் காண முடியாது.


கேள்வி: வட்டக்கச்சி வளவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆவரசைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. முறிகண்டி போகும் வழியெல்லாம் நிற்கின்றது.

இரண்டு ஐயங்கள். வீட்டு வாசலில் எக்சோரா ஒன்று நிற்கின்றது. கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், எருவும் போடுகிறோம். ஆனால் புதிதாக வருகின்ற இலைகள் வெளிறிப்போய் மஞ்சளாகின்றன. உற்றுப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சையாக வலைபோல் தெரிகின்றன. பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. இது நோயா? அடுத்தது, இப்போதே குழி தோண்டி நட்டுவிடலாமா, மழை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கார்த்திகைப்பூவை யாரும் குறிப்பிடவில்லை. மாரியில் எங்கள் வேலிக் கிளுவையில் தானாகவே ஏறிப் பூக்கின்றது. அதை முற்றத்துக்குக் கொண்டுவரலாமா?


மறுமொழி: அறிவியல் நகர் மாணவி

வணக்கம் அக்கா. அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறேன். எக்சோராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் விவரித்தது மிகத் தெளிவான அறிகுறி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புக் குறைபாடு. பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் அது நைதரசன் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லையென்பது இதன் பொருளன்று. நமது செம்மண்ணின் நிறமே இரும்பினால் வருவதுதான். கிணற்று நீரின் வன்மைதான் காரணமாக இருக்கக்கூடும். கேத்திலின் உள்ளே வெள்ளையாகக் கல் படிகின்றதல்லவா, அந்தச் சுண்ணாம்பு ஆண்டுக்கணக்காக மண்ணிலும் சேர்கின்றது. மண் காரத்தன்மையடையும்போது இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகின்றது. வேரால் அதனை எடுக்க முடிவதில்லை. எக்சோரா, அதாவது நமது வெட்சி, அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி; அதனால் மற்றச் செடிகளுக்கு முன் இது காட்டிக்கொடுக்கின்றது.

அடியில் சாம்பல் கொட்டுகிற வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், சாம்பலும் காரத்தன்மையுடையது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துப் பீப்பாவில் பிடித்து இதற்கென்று ஒதுக்குங்கள். கூட்டெருவை அடிக்கடி மேலே இடுங்கள். இரும்பு உப்பான பெரசு சல்பேற்றை மண்ணில் போட்டால் அதுவும் சில நாட்களில் அதே சுண்ணாம்பில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இலையில் தெளிக்கக்கூடிய கொடுக்கிணைப்பு (chelated) இரும்பை விவசாய மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பொதியில் குறிப்பிட்ட அளவிலே மாலை வேளையில் தெளியுங்கள். தளிர் பச்சையாக வரத் தொடங்கும். மஞ்சளாகிப்போன இலைகள் முழுமையாகத் தேறாமலும் போகலாம், அவற்றைப் பார்த்து மனந்தளர வேண்டாம். புதிதாக எக்சோரா வாங்கி வெயில் முற்றத்தில் நட வேண்டாமென்பதே என் எண்ணம். இருப்பதைச் சாடியிலே மாற்றி மழைநீரில் வளர்த்தால் நன்றாக வரும்.


மறுமொழி: முல்லைக்கரை ஆசிரியை

கார்த்திகைப்பூவை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள் மகள். அதன் கிழங்கு ஆழத்தில் கிடந்து கோடை முழுவதும் உறங்கி, முதல் மழையின் ஈரம் பட்டதும் முளைவிடும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, நாளாக நாளாகச் செம்மைக்கு மாறும் அந்த இதழ்களை வேலியில் பார்க்கும் நிறைவு, பாத்தியில் பார்க்கும்போது வராது. அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கிண்டி எடுப்பதும் பிள்ளையின் கையெட்டும் இடத்தில் புதைப்பதும் வேண்டாத வேலை. வேலியடியை மாரி தொடங்குமுன் மண்வெட்டியால் கொத்தாமல் விட்டாலே போதும், ஆண்டுதோறும் வரும்.

மழையோடு எழுந்து பூப்பதாக முற்றத்தில் ஏதேனும் வேண்டுமென்றால் மழை லில்லிக் குமிழ்களை மேட்டின் ஓரத்தில் புதைத்துவிடுங்கள். நல்ல மழை பெய்து சில நாட்களில் ஒரே சமயத்தில் எழுந்து நிற்கும். பிறகு ஒன்றும் தெரியாது. அது கிடக்குமிடத்தில் கிடக்கும்.


மறுமொழி: ஓமந்தை நாற்றுமேடை

இப்போது ஆவணி. குழியை இப்போதே தோண்டுங்கள். கன்றை இப்போது நடாதீர்கள். வெயில் பட்டுக் கிடக்கின்ற குழி மாரியின் முதல் மழையில் நனைந்து தணியட்டும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ இடியோடு பெய்யும் மழை மண்ணை ஓரடி ஆழத்துக்கு நனைத்த பிறகு நடுங்கள். வெட்டிப் பார்த்தால் ஈரம் எங்கே நிற்கின்றதென்று தெரியும். அந்த நேரத்தில் நட்ட கன்று மாரி முழுவதும் வேரை இறக்கி, பங்குனி வெயில் வரும்போது தன் காலில் நிற்கும். சித்திரைச் சிறுமாரியை நம்பி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கன்றுகள் வேர் ஊன்றுமுன்பே சோளகம் பிடித்துவிடும், கோடை முழுவதும் வாளியோடு அலைய வேண்டி வரும்.

2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வெள்ளத்தில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு என்னிடம் கன்று தேடி வந்தவர்கள், மேட்டில் வைத்த செடி தப்பியதென்றும் பள்ளத்தில் நின்றது போய்விட்டதென்றும் சொன்னார்கள். மேடு ஓரடியாவது இருக்க வேண்டுமென்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். கல்வாழை மட்டும் விலக்கு. சமையலறைத் தண்ணீர் வழிகின்ற பள்ளத்தில் அதை வையுங்கள், அங்கேயே பெருகும்.

முதற்கோடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் கொடுத்தேயாக வேண்டும், எவ்வளவு தாங்கும் செடியென்றாலும். நாள்தோறும் ஒரு பேணி தெளிப்பதைவிடக் கிழமைக்கு இருமுறை நின்று ஊறும்வரை ஊற்றுவது மேல். மேலே தெளிக்கின்ற தண்ணீருக்கு வேர் மேலேயே வரும், மேலே வந்த வேர் சோளகத்தில் கருகும். கிணறு மிகவும் குறைந்தால் மண்முட்டி ஒன்றைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடுங்கள். முட்டியின் சுவரால் நீர் மெல்லக் கசிந்து வேருக்கே போகும், வெயில் குடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நுளம்பு முட்டையிடாமல் சிரட்டை இறுக மூடியிருக்க வேண்டும்.

அடியில் பத்திரக்கலவை, அதாவது ஈரம் காக்கும் மூடாக்கு, இட மறக்க வேண்டாம். வைக்கோல் போட்டால் வன்னியில் கறையான் வந்துவிடும். போடுவதென்றால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உங்களிடம் தென்னை நிற்கின்றதே, பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க மேட்டைச் சுற்றிப் புதையுங்கள். மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் விடும்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரையில் பூ வேண்டுமென்று கேட்டீர்கள். நந்தியாவட்டையையும் செவ்வரத்தையையும் மாசி மாதத்தில், மாரி ஈரம் மண்ணில் இருக்கும்போதே, மூன்றிலொரு பங்கு வெட்டிவிடுங்கள். பங்குனியில் தளிர்த்து வைகாசிக்குப் பூவுக்கு வந்துவிடும். கோடை நடுவில் வெட்டினால் வெட்டிய நுனியே காய்ந்து உள்ளே இறங்கும். பட்டிப்பூவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முற்றிய காம்பை எப்போது கிள்ளினாலும் பக்கக் கிளை வெடிக்கும். மாமி கைநிறையப் பூக்கொய்ய வேண்டுமென்றால் நந்தியாவட்டையில் நான்கு, கிணற்றடியில் செவ்வரத்தை இரண்டு, பட்டிப்பூ வேண்டிய மட்டும் வையுங்கள். போகன்வில்லா படலைக்கு ஒன்றே போதும்.

ஆவரசைப் பிடுங்கி நட முயலாதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், அறுந்தால் பிழைக்காது. காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுத்து, கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு அது ஆறும்வரை விட்டு, மறுநாள் ஊறி உப்பியிருக்கும் விதைகளை மட்டும் தெரிந்தெடுத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே முதல் மழையோடு ஊன்றுங்கள். ஒரு குழிக்கு மூன்று விதை போடலாம், முளைத்த பிறகு வலுவானதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். முதலாண்டில் மட்டும் மாடு மிதிக்காமல் சுற்றிவரக் கிளுவைத் தடி நட்டு மறைப்புக் கட்ட வேண்டும்.